ஃபிரீசரில் கத்தி பட்டது, ‘உஸ்’ என்று கேஸ் போனது: இனி என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு 25 வயது தாண்டிவிட்டது. ஃபிரீசரில் ஐஸ் பாறை மாதிரி கட்டிக்கொள்ளும். போன வாரம் ஒரு தட்டு அதில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. கத்தியால் நெம்பினேன். ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். சில்லென்ற காற்று கையில் அடித்தது. பயந்துபோய் உடனே பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த பாலில் விஷம் கலந்திருக்குமோ என்று பக்கத்து அடுப்பிலேயே வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டேன். அப்புறமும் மனசு கேட்காமல் கொட்டிவிட்டேன். வீட்டில் தவழ்கிற வயதில் பேரன் இருக்கிறான். இதுவரை யாருக்கும் இருமலோ தலைசுற்றலோ இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் பக்கம் போனாலே ஏதோ வாடை அடிக்கிறது. இன்னும் கேஸ் வந்துகொண்டிருக்கிறதா? மெக்கானிக் ஓட்டையை அடைத்து கேஸ் ஏற்றித் தருகிறேன் என்கிறார். பழைய சாமான் வாங்குபவரோ குழாயை இங்கேயே வெட்டிப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். எனக்கு எதுவும் புரியவில்லை.

பதில்:

அம்மா, முதலில் பேரனைப் பற்றிய கவலையை முடித்துவிடுவோம். ஒரு வாரம் ஆகிவிட்டது, யாருக்கும் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அன்றைக்குப் போன கேஸால் இனிமேல் எதுவும் வரப்போவதில்லை. ஃபிரிட்ஜ் கேஸ் உடம்பில் தங்கி, நாள்பட வேலை செய்கிற விஷம் இல்லை. மூச்சோடு உள்ளே போனதில் பெரும்பகுதி மூச்சோடேயே வெளியே வந்துவிடும். தூங்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் எனக்குத்தான் தூக்கி வாரிப்போட்டது. பாலில் விஷம் என்று பயந்து அடுப்பைப் பற்றவைத்தீர்களே, அந்த வரி. அன்று அந்த அறையில் பயப்பட வேண்டியது ஒன்று இருந்தது என்றால் அது பால் இல்லை, அடுப்புதான். அதற்கு முன்னால் பிடுங்கிய பிளக்கும் அதே கணக்கில்தான் வரும். உங்களைக் குறை சொல்லவில்லை. 28 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கேஸ் லீக் என்று கூப்பிடுகிற வீடுகளில் முக்கால்வாசிப் பேர் பயத்தில் இதைத்தான் செய்திருப்பார்கள். கேஸ் தானாகச் செய்கிற கெடுதலைவிட, அது போன பிறகு நாம் அவசரத்தில் செய்கிற காரியங்கள் செய்கிற கெடுதல் அதிகம்.

ஏன் என்று புரிய, உங்கள் ஃபிரிட்ஜுக்குள் எவ்வளவு கேஸ் இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். பலர் சமையல் சிலிண்டர் அளவுக்குக் கற்பனை செய்துகொள்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது கிராம் கணக்கு. அந்தக் காலத்து மாடல்களில் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டி இருக்கும், சிலவற்றில் 200 வரை போகும். இப்போதைய மாடல்களில் ஐசோபியூட்டேன் என்கிற கேஸ், பல பெட்டிகளில் 40, 60 கிராம்தான். 25 வருடப் பெட்டி என்றால் மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்: ஆர்-12, ஆர்-134ஏ, ஆர்-600ஏ. முதல் இரண்டும் வீட்டுச் சூழலில் தீப்பிடிக்காதவை. மூன்றாவது, அதாவது ஐசோபியூட்டேன், லைட்டரில் எரிகிற கேஸின் சொந்தத் தம்பி.

அந்த 60 கிராம் ஐசோபியூட்டேன் வாயுவாக விரிந்தால் சுமார் 25 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். காற்றில் அது 1.8 சதவீதத்தைத் தொட்டால் தீப்பொறிக்குக் காத்திருக்கும். மேலே சுமார் 8.4 சதவீதம் வரை அதே நிலைதான். பத்தடிக்குப் பத்தடி சமையலறையில் கிட்டத்தட்ட 27,000 லிட்டர் காற்று இருக்கும். 25 லிட்டர் அதில் முழுக்கக் கலந்துவிட்டால் 0.1 சதவீதம்கூட வராது, ஒன்றும் ஆகாது. ஆனால் கேஸ் அப்படி உடனே கலக்காது. இது காற்றைப் போல இரண்டு மடங்கு கனம். வழிந்து தரைக்கு இறங்கி, ஃபிரிட்ஜுக்கு அடியிலும் மேடைக்குக் கீழேயும் தேங்கும். அதைவிட மோசம், கதவு மூடிய ஃபிரிட்ஜுக்குள்ளேயே கசிவது. 200 லிட்டர் பெட்டிக்குள் அந்த 25 லிட்டரில் வெறும் 4 லிட்டர் கசிந்தாலே 2 சதவீதம் ஆகிவிடும். உள்ளே குளிரைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இருக்கிறது, பல்பு சுவிட்ச் இருக்கிறது. பழைய மாடல்களில் இரண்டுமே ‘டக்’கென்று ஒரு சின்னப் பொறி விட்டுத்தான் வேலை செய்யும். ஃபிரிட்ஜ் வெடித்தது என்று எப்போதாவது கேள்விப்படுகிறோமே, அதில் கதவு பிய்த்துக்கொண்டு பறந்த கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும்.

நல்லவேளையாக உங்களுக்குக் கதவு திறந்திருந்தது, கேஸ் வெளியே சிதறிவிட்டது. அல்லது உள்ளே இருந்தது தீப்பிடிக்காத வகையாக இருந்திருக்கும். எது என்று தெரியாதவரை தீப்பிடிக்கும் என்றே வைத்துக்கொள்வதுதான் எங்கள் பழக்கம்.

‘விஷ வாயு’ என்கிற பயமும் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் ஃபிரிட்ஜுகளில் கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா எல்லாம்தான் ஓடின. கசிந்தால் வீட்டோடு ஆட்கள் செத்தார்கள். பெர்லினில் ஒரு குடும்பமே அப்படி இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் இன்னொரு இயற்பியலாளரான சிலார்டும் சேர்ந்து கசிய வழியே இல்லாத ஒரு ஃபிரிட்ஜை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். 1930இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. அதே 1930இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஆர்-12ஐ மேடையில் வைத்து மூச்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று நிரூபிக்க அது போதுமாக இருந்தது. அந்தக் கேஸ் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பது 1974க்குப் பிறகுதான் தெரிந்தது. ஓசோனைக் காக்க நாடுகள் போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தோடு அதன் காலம் முடியத் தொடங்கியது. தீப்பிடிக்கிற ஐசோபியூட்டேனுக்கு உலகம் திரும்பி வந்தது இப்படித்தான். அது ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்குவதும் மிகக் குறைவு. பெட்டியை அதற்கென்றே வடிவமைத்து, அளவையும் குறைத்து வைத்தால் பயமில்லாமல் ஓடும். ஓட்டை போடாமல் இருந்தால்.

சரி, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும்? அடுத்த முறை வர வேண்டாம், ஆனாலும் பக்கத்து வீட்டுக்காவது சொல்வீர்கள்.

சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். ஓட்டையை விரலால் அடைக்க முயலாதீர்கள். அங்கிருந்து வருவது வெறும் காற்று இல்லை, கொதித்துக்கொண்டே வரும் திரவமும் அதில் இருக்கலாம். ஆர்-12 மைனஸ் 30 டிகிரியில் கொதிக்கும், ஆர்-134ஏ மைனஸ் 26இல். தோலில் பட்டால் நெருப்புப் பட்டதுபோல வெந்துபோகும். கதவைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். அடுப்பு எரிந்தால் அணையுங்கள், எரியாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். ஜன்னலையும் வெளிக்கதவையும் திறங்கள். பிளக், சுவிட்ச், எக்ஸாஸ்ட் ஃபேன், மிக்ஸி எதையும் அந்த அறைக்குள் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசரின் பிளக்கைப் பிடுங்கும்போது நீல நிறத்தில் ஒரு பொறி வரும். இருட்டில் ஒருநாள் கவனித்துப் பாருங்கள், தெரியும். கரண்ட்டை நிறுத்த வேண்டும்தான், ஆனால் வேறு இடத்தில் இருக்கும் மெயின் சுவிட்சில் நிறுத்துங்கள். தவழ்கிற பிள்ளை இருந்தால் முதல் வேலையாகத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். கேஸ் தரையோடு போகும், அவன் உலகமும் தரையோடுதான் இருக்கிறது.

அப்புறம் அரை மணி, முக்கால் மணி நேரம் வெளியே இருங்கள். காற்றோட்டம் இல்லாத அறை என்றால் ஒரு அட்டையை எடுத்துத் தரையை ஒட்டி வாசல் பக்கமாக விசிறிவிடலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் மின்விசிறியைவிட அதுதான் மேல்.

கதவு மூடியிருக்கும்போதே உள்ளே கசிகிறது என்று சந்தேகம் வந்தால் வரிசை மாறும். முதலில் மெயின் சுவிட்ச், பிறகுதான் ஃபிரிட்ஜ் கதவு. கதவைத் திறந்தால் பல்பு எரியும், பல்பு எரிந்தால் சுவிட்ச் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

உடம்பில் பட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தோல் வெளுத்து மரத்துப்போனால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். சுடுதண்ணீர் கூடாது, தேய்க்கவும் கூடாது. கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, நேராக டாக்டரிடம். நிறைய சுவாசித்து யாருக்காவது தலைசுற்றலோ படபடப்போ வந்தால் வெளிக்காற்றில் உட்கார வையுங்கள், ஓடியாட விடாதீர்கள். இந்தக் கேஸ்கள் அதிக அளவில் உள்ளே போனால் பயத்திலும் ஓட்டத்திலும் உடம்பு சுரக்கிற அட்ரினலினுக்கு இதயம் மிகையாகத் துள்ளும், துடிப்பின் தாளம் தப்பலாம். அதனால் மருத்துவமனையில் ‘ஃபிரிட்ஜ் கேஸைச் சுவாசித்துவிட்டார்’ என்று தெளிவாகச் சொல்வது முக்கியம். மருந்து கொடுப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ், காற்றோட்டமுள்ள அறையில் இந்த அளவுக்குக் கொண்டுபோகாது. மூடிய சின்ன அறையில், மூக்குக்கு நேரே என்றால் சொல்ல முடியாது.

இப்போது அந்த வாடை விஷயம். நீங்கள் மோந்தது ஃபிரிட்ஜ் கேஸ் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். சமையல் கேஸுக்கு நாற்றம் வருவது, கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வேண்டுமென்றே சேர்க்கிற மெர்காப்டனால். ஃபிரிட்ஜ் கேஸில் அதைச் சேர்ப்பதில்லை. ஆர்-12, ஆர்-134ஏ, ஐசோபியூட்டேன் மூன்றுமே நம் மூக்குக்கு வாடை இல்லாதவை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரமாகக் கரண்ட் இல்லாமல், கதவு மூடிக் கிடக்கும் பெட்டி வேறு எப்படி மணக்கும்? பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னத் தண்ணீர்த் தட்டு இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள். பலர் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

வாடையில் இரண்டு விதிவிலக்கு உண்டு. மூக்கையும் கண்ணையும் பிய்க்கிற காரமான நெடி வந்தால் அது அம்மோனியா. கம்ப்ரசரே இல்லாத, சத்தம் போடாத சிறிய பெட்டிகளில் அது இருக்கும். குழாய் இணைப்பில் மஞ்சள் பொடி படிந்திருப்பது அதன் அடையாளம். அப்படியானால் நின்று யோசிக்காமல் வெளியேறிவிட வேண்டும். இன்னொன்று, பழைய வகைக் கேஸ் கசிந்த அறையில் அடுப்பு எரியும்போது வரும் அமில நெடி. ஆர்-12 தீப்பிடிக்காதுதான், ஆனால் தீச்சுவாலைக்குள் புகுந்தால் உடைந்து ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு, கொஞ்சம் பாஸ்ஜீன் என்று மாறும். பாஸ்ஜீன் முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு. ஆக எந்த வகைக் கேஸாக இருந்தாலும் அன்று அடுப்பு வேண்டாம்.

பாலைக் கொட்டிவிட்டீர்கள். அதற்கு அவசியம் இருக்கவில்லை, மூடி வைத்த பாலில் இந்தக் கேஸ் ஒன்றும் கலந்துவிடாது. ஓட்டை வழியாக எண்ணெய்ப் பசை தெறித்திருந்தால், அது பட்ட உணவை மட்டும் தூக்கிப் போட வேண்டும். மற்றபடி உணவு கெடுவது கேஸால் இல்லை, குளிர் போனதால். நான்கு மணி நேரத்துக்கு மேல் குளிரில்லாமல் இருந்த பாலும் இறைச்சியும் போகட்டும்.

இன்னும் கேஸ் வந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டீர்கள். ஃபிரீசர் தட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஓட்டை என்றால் பெரும்பகுதி சில நிமிடங்களில் போயிருக்கும். கம்ப்ரசர் எண்ணெயில் கொஞ்சம் கேஸ் கரைந்து கிடக்கும், சோடாவிலிருந்து குமிழி வருவதுபோல அது ஓரிரு நாள் மெதுவாக வெளியேறும். ஒரு வாரத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் ஒன்று, குளிர்கிறதா பார்ப்போம் என்று திரும்ப ஆன் செய்துவிடாதீர்கள். ஐசோபியூட்டேன் பெட்டி ஓடும்போது ஃபிரீசர் பக்கத்து அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். அது கொதிப்பது மைனஸ் 12 டிகிரியில், ஃபிரீசரோ அதற்கும் கீழே குளிர்கிறது. அதனால் ஓட்டை வழியாகக் கேஸ் வெளியே வருவதற்குப் பதில், காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். மிச்சமிருக்கும் கேஸோடு காற்றைக் கலந்து கம்ப்ரசர் நசுக்குகிற காட்சியை நினைத்தாலே எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே எந்தக் கேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டிக்குள் பக்கச் சுவரிலோ பின்பக்கத்திலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் ‘ஆர்’ எழுத்தோடு எண்ணும், கிராமில் அளவும் அச்சிட்டிருப்பார்கள். கம்ப்ரசர் மேலே மஞ்சள் முக்கோணத்தில் தீப்படம் இருந்தால் ஐசோபியூட்டேன். ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆர்-12 கிடைக்காமல் போன காலத்தில், நிறைய பழைய பெட்டிகளில் ஐசோபியூட்டேன், புரோபேன் கலவையை ஏற்றி ஓட்டினார்கள். வெளியே ‘ஆர்-12’ என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற கேஸ். எனக்கே ஒருமுறை இது பாடம் புகட்டியது. தொழிலுக்கு வந்த புதிது, ஸ்டிக்கரைப் படித்துவிட்டு நிம்மதியாகக் குழாயைச் சூடாக்கப் போனேன். குழாய் முனையில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் சுவாலை எழுந்தது, புருவம் போனது. முன்பே வேறு யாரோ கேஸ் மாற்றியிருக்கிறார்கள், ஸ்டிக்கரை மாற்றவில்லை. உங்கள் பெட்டியில் இதற்கு முன் எப்போதாவது கேஸ் ஏற்றினீர்களா என்று யோசித்துப் பார்த்து, வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். சமையல் சிலிண்டர்போலக் கேஸ் தீர்ந்துபோவது ஃபிரிட்ஜில் கிடையாது. அது மூடிய சுற்று, அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றும். குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் ஏற்றினால் மறுபடியும் போகும், மறுபடியும் உங்கள் சமையலறைக்குள்தான் போகும். உங்கள் விஷயத்தில் ஓட்டை எங்கே என்று தெரியும், அது ஒரு வசதி. ஆனால் அலுமினியத் தட்டில் விழுந்த ஓட்டையைப் பசை வைத்து அடைப்பது எனக்கு உடன்பாடில்லை. கம்ப்ரசர் ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது கொஞ்சம் சூடாகி என்று அந்த இடம் நாள் முழுக்க விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சுத்தம் செய்து ஒட்டினால் சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது என்பதும் உண்மை, ஆனால் நான் பார்த்ததில் நிற்காததுதான் அதிகம்.

அவர் சரியான ஆளா என்று தெரிய அவர் கொண்டுவரும் சாமானைப் பாருங்கள். அடைத்த பிறகு நைட்ரஜன் அடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், கம்ப்ரசர் எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் குண்டுதான். பிறகு வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். கடைசியில் தராசு வைத்து, ஸ்டிக்கரில் போட்ட கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல், குழாயைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்கிற கைராசிக்காரர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. 60 கிராம் போட வேண்டிய இடத்தில் 15 கிராம் தப்பினால் கால்பங்கு தப்பு, அதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கேஸ் ஏற்றப் போகிறார் என்றும் கேளுங்கள். பழைய ஆர்-12 அல்லது ஆர்-134ஏ பெட்டிக்குத் தீப்பிடிக்கிற கேஸைப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டியின் தெர்மோஸ்டாட், ரிலே, பல்பு சுவிட்ச் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

என்னைக் கேட்டால், 25 வயதுப் பெட்டிக்கு இவ்வளவு வைத்தியம் வேண்டாம், விடைகொடுத்துவிடுங்கள். மெக்கானிக்குகள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

விடைகொடுக்கும் விதம்தான் முக்கியம். குழாயை இங்கேயே வெட்டுகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் பெட்டியில் சுற்றில் கேஸ் போய்விட்டது, உண்மைதான். ஆனால் சுவருக்குள் மஞ்சள் நுரை இருக்கிறதே, அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் அந்த நுரையை ஊதச் செய்ய ஆர்-11 என்ற கேஸைப் பயன்படுத்தினார்கள். அதுவும் ஓசோனைத் தின்கிற வகை, அளவில் குழாய்ச் சுற்றில் இருப்பதைவிட அதிகம். நுரையின் குமிழிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் அதை, பெட்டியை உடைத்து நொறுக்கினால் விடுவித்தவர்கள் ஆவோம். எரித்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். கேஸ் போகாத பழைய ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 100 கிராம் ஆர்-12ஐக் காற்றில் விட்டால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு கட்டிங் பிளேயரால் ஒரே வினாடியில் செய்துவிடக்கூடிய வேலை அது. கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கிற இயந்திரம் வைத்திருப்பவர்கள், மின்னணுக் கழிவை முறையாகப் பிரிக்க அனுமதி பெற்றவர்கள், இவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று புதிய ஃபிரிட்ஜ் விற்பவர் சொன்னால், எங்கே கொண்டுபோவீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் இழுத்தடித்தால் புரிந்துகொள்ளலாம்.

அவர்கள் வரும்வரை பெட்டியைப் படிக்கட்டுக்கு அடியிலோ மூடிய அறையிலோ தள்ளி வைக்க வேண்டாம், காற்று வரும் இடத்தில் நிறுத்தி வையுங்கள். கதவைக் கழற்றிவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். தவழ்கிற பேரன் இன்னும் சில மாதத்தில் நடப்பான், ஒளிந்து விளையாடுவான். காலி ஃபிரிட்ஜுக்குள் புகுந்து மூடிக்கொண்ட குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது. கீல் திருகை எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. கொண்டுபோகும்போது நிமிர்த்தியே வைத்து, திறந்த வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஏசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஃபிரிட்ஜுக்குப் பயப்படுகிறவர்கள் ஏசிக்குப் பயப்படாமல் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கை. பழைய ஜன்னல் ஏசியில் ஆர்-22 கேஸ் முக்கால் கிலோ, ஒரு கிலோகூட இருக்கும். ஃபிரிட்ஜைப்போலப் பத்து மடங்கு, அதுவும் கதவு ஜன்னல் எல்லாம் இறுக மூடிய படுக்கையறையில். அங்கே ‘உஸ்’ சத்தம் கேட்டாலோ, திடீரென்று குளிர் நின்று காயில் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ, ஜன்னலைத் திறந்துவிட்டு அன்று வேறு அறையில் படுங்கள்.

புதிய ஃபிரிட்ஜ் வாங்கினாலும் ஐஸ் கட்டுகிற வகையாக இருந்தால் அதே தட்டு அதே இடத்தில் ஒட்டத்தான் செய்யும். ஐஸ் கால் அங்குலம் தாண்டும்போதே ஆஃப் செய்துவிடுங்கள். கதவைத் திறந்து, ஃபிரீசருக்குள் ஒரு பாத்திரத்தில் சூடான தண்ணீர் வையுங்கள், கீழே ஒரு பழைய துணி விரியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒட்டிய தட்டின் ஓரத்தில் வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்து, முதலில் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம் என்று கையால் ஆட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் இன்னொரு பாத்திரம் தண்ணீர். ஒரு மணி நேரம் போகும், தட்டு கையோடு வந்துவிடும்.